குடியுரிமையும் அம்மாவின் பிறப்புச் சான்றும்

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று பல ஆண்டுகள் தயங்கிக்கொண்டிருந்த நான், அப்பா காலமான பிறகுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரும் கிரீன் கார்டு வைத்திருப்பவர் தம் கணவன் அல்லது மனைவிக்கும் மணமாகாத பிள்ளைகளுக்கும் மனுச் செய்யலாம். பெற்றோருக்கு மனுச் செய்ய அவருக்கு உரிமை கிடையாது. பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள வேண்டுமானால், பிள்ளை குடியுரிமை பெற்றவராகவும் 21 வயது நிரம்பியவராகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் எழுபதைத் தொட்டுவிட்ட அம்மாவும், அவரைப் பார்த்துக்கொள்ளும் மணமாகாத தங்கையும் இருக்க, நியூஜெர்சியில் இருந்த என்னைப் படிவத்தின் முன் உட்கார வைத்தது இந்த ஒரு விதிதான். எங்களுக்கு அதிக நாள் பிடித்ததும் அதிகக் கவலை தந்ததும் ஊர் வீட்டு பீரோவில் இருந்த பழைய தாள்கள். பெற்றோர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே, அவர்கள் பிறந்ததை நேரில் அறிந்த மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அந்தத் தாள்களைத் திரட்டிவிட வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் விண்ணப்பம். கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆனவர்கள் என்-400 என்ற படிவத்தைக் கொடுக்கலாம். குடியுரிமை உள்ளவரை மணந்து அவரோடு வாழ்பவர்களுக்கு மூன்று ஆண்டுகள் போதும். அந்தக் காலம் நிறைவதற்கு 90 நாள் முன்பாகவே அனுப்பவும் இடமுண்டு. 2024 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் இணையவழியில் 710 டாலர், தாளில் அனுப்பினால் 760 டாலர். ஐந்து ஆண்டுகளில் பாதியாவது, அதாவது 30 மாதங்கள், இந்த நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணமாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கிவிட்டால், தொடர்ந்து இங்கே குடியிருந்தோம் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நம் தலையில் விழும். பெற்றோருக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்க நேரும் நம்மவர்கள் இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். போய்வந்த தேதிகளைப் படிவம் கேட்கும் என்பதால், பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளைப் பார்த்து அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் நல்லது.

நேர்காணலில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைப் படிக்கவும் ஒன்றை எழுதவும் சொல்வார்கள். நாட்டின் வரலாறும் ஆட்சிமுறையும் பற்றிய வினாத் தொகுப்பில் நான் போனபோது நூறு வினாக்கள் இருந்தன. பத்து வினாக்கள் வரை கேட்டு, ஆறுக்குச் சரியாகச் சொன்னால் போதும் என்றிருந்தது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குத் தொகுப்பு 128 வினாக்களாகி, இருபது வரை கேட்டுப் பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும் என்று மாறியிருக்கிறது. சில வாரங்கள் படித்தால் வந்துவிடும். இதை நினைத்து யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

மனத்தைத் தொட்டது உறுதிமொழிதான். அதுவரை குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்த நாட்டின் மீதுள்ள விசுவாசத்தை முற்றிலுமாகத் துறக்கிறேன் என்று அதில் ஒரு வரி வரும். அதை வாய்விட்டுச் சொன்னபோது நெஞ்சு கனத்தது. அதே வேளையில், இந்த உரிமை நமக்குச் சும்மா வந்ததல்ல என்பதையும் நினைத்துக்கொண்டேன். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர்கள் சட்டம் சொல்லும் வெள்ளையர் அல்லர், ஆகவே அவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே பெற்றிருந்த பலரிடமிருந்தும் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1946இல் லூஸ்-செல்லர் சட்டம் வந்த பிறகே இந்தியர்களுக்கு மீண்டும் வழி பிறந்தது. அப்போதும் ஆண்டுக்கு நூறு பேருக்குத்தான் குடியேற இடம். 1965ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்தப் பழைய ஒதுக்கீட்டு முறையை நீக்கிக் குடும்ப உறவுக்கு முதலிடம் தந்தது. குடியுரிமை பெற்றவரின் பெற்றோரை எண்ணிக்கை வரம்புக்கு வெளியே வைத்ததும் அதுவே. அம்மாவுக்காக நான் கொடுத்த மனு அந்தச் சட்டத்தின் தயவால் வந்தது.

உறுதிமொழி எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பழைய பாஸ்போர்ட்டில் எத்தனை ஆண்டுகள் மிச்சமிருந்தாலும் அதைக் காட்டிப் பயணம் செய்யக் கூடாது. அமெரிக்க பாஸ்போர்ட் வாங்க வேண்டும், பிறகு இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்று பெற வேண்டும், அதன்பின் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் பாஸ்போர்ட்டுக்காகக் குடியுரிமைச் சான்றிதழின் மூலப் பிரதியையே கொடுத்துவிடுவதால், அது திரும்பி வரும்வரை கையில் ஒன்றும் இராது. ஊரில் முதியவர்கள் இருப்பவர்கள் இந்த இடைவெளியை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து நாள் குறித்துக்கொள்ள வேண்டும். ஓ.சி.ஐ. என்பது ஆயுளுக்குமான விசா; அதில் வாக்குரிமை இல்லை, விளைநிலத்தை விலைக்கு வாங்கவும் முடியாது. வாரிசாக வரும் நிலத்தை வைத்துக்கொள்ளலாம். இரண்டு மா நஞ்சை உள்ள எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி அதுதான் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

இனி அம்மாவின் தாள்கள். பெற்றோருக்கான மனு ஐ-130. தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். தாய்க்கான மனுவில் உறவை மெய்ப்பிப்பது, தாயின் பெயர் எழுதப்பட்ட பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்தான். என்னுடைய சான்றிதழில் அம்மாவின் பெயர் இருந்தது, ஆனால் முன்னெழுத்து இல்லாமல் இருந்தது. பள்ளிச் சான்றிதழில் தாத்தாவின் பெயருக்கான முன்னெழுத்தோடும், ரேஷன் கார்டில் அப்பாவின் பெயருக்கான முன்னெழுத்தோடும், வாக்காளர் அட்டையில் பெயரின் பின்பாதி மட்டும் தனியாகவும் இருந்தது. ஆதாரில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஏறியிருந்தது. ஊரில் இவை எல்லாம் ஒரே ஆள்தான் என்பதை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் அம்மாவை ஒருநாளும் பார்த்திராத ஓர் அதிகாரி, ஒவ்வொரு தாளையும் தனியாகத்தான் படிப்பார்.

குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நமக்கு இது அமெரிக்காவில் ஓயாத தொல்லை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால், அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, சொந்தப் பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்தை விசாவில் அச்சடித்துவிடுவார்கள். அது ஓட்டுநர் உரிமம் வரைக்கும் கூடவே வரும். எனக்கு அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக அமைந்ததால், மருத்துவமனையில் அவர் பெயரைச் சொல்லித்தான் என்னை இன்றும் கூப்பிடுகிறார்கள். குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றம் கேட்கலாம். நீதிமன்றத்தில் உறுதிமொழி நடக்கும்போது நீதிபதி அதற்கு உத்தரவிடுவார். நான் கேட்கவில்லை. அப்பாவின் பெயர் என்னோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மாவுக்கோ பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அளவுகோலாக வைத்து, ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் திருத்தம் கேட்டு, பழைய சான்றுகளில் உள்ள பெயர்கள் எல்லாம் அவரையே குறிக்கும் என்று ஒரு பிரமாணப் பத்திரமும் எழுதினோம். இந்த வேலை மனுவுக்கு முன்பே முடிந்திருப்பது நல்லது.

அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. இந்தியாவில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு முன் கிராமத்தில் பிறந்த பலரின் நிலை இதுதான். இத்தகையவர்கள், பிறப்பு பதிவாகவில்லை என்ற சான்றை உள்ளூர்ப் பதிவாளரிடம் வாங்கி, அதனோடு பள்ளிச் சான்றிதழையும், பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினர்களின் பிரமாணப் பத்திரங்களையும் சேர்த்துக் கொடுக்கலாம். எங்களுக்குக் கைகொடுத்தவர் அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா. நோட்டரி ஆண்டைக் கேட்டபோது மாமா தேதியைத் தேடவில்லை. 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய பெரும்புயலில் வீட்டுக் கூரை போனதையும், மறுவருஷம் கூரை மாற்றிய வீட்டில் தங்கச்சி பிறந்ததையும் வரிசையாகச் சொன்னார். பள்ளிச் சான்றிதழில் இருந்த ஆண்டும் 1953தான். தமக்கு நேராகத் தெரிந்த ஊர், பெற்றோர் பெயர், ஆண்டு ஆகியவற்றை மட்டும் பத்திரத்தில் எழுதச் சொல்லி, வரிவரியாகப் படிக்கக் கேட்ட பிறகே முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டார். விரல் நடுங்கியதால் ஒவ்வோர் எழுத்துக்கும் நின்று நின்று எழுதினார். அம்மாவின் தலைமுறையில் அவர் பிறந்ததைப் பார்த்தவர்கள் மாமாவையும் ஓர் அத்தையையும் தவிர வேறு யாரும் இப்போது இல்லை. அவர்கள் இருவரும் இல்லாமல் போயிருந்தால் எங்கள் கோப்பில் இந்தத் தாள்களே இருந்திரா.

அடுத்தது திருமணம். கோயிலில் நடந்த அந்தக் காலத்துத் திருமணத்தை யாரும் பதிவு செய்யவில்லை. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயமானது 2009ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். கணவர் காலமான பின் பதிவு செய்யவும் வழியில்லை. அப்பாவின் இறப்புச் சான்றிதழும், கல்யாணப் பத்திரிகையும், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழும் எங்களிடம் இருந்தன. மனைவி, மகள், மகள் என்று எங்கள் மூவரின் பெயரும் உறவும் ஒரே தாளில் அரசு முத்திரையோடு இருந்தது வாரிசுச் சான்றிதழில் மட்டும்தான். அப்பா போன துக்கத்தில் வங்கிக் கணக்குக்காக வாங்கி வைத்த தாள் அது. ஊரில் அந்தச் சான்றை வாங்குபவர்கள் பெயர்களின் எழுத்துக்கூட்டலை பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

மனு ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே டி.எஸ்-260 படிவம், 16 வயது முதல் குடியிருந்த முகவரிகள், காவல்துறைச் சான்று, ஐ-864 என்ற ஆதரவு உறுதிப் பத்திரம் எல்லாம் சேரும். வறுமைக் கோட்டளவில் 125 விழுக்காட்டுக்குக் குறையாத வருமானம் எனக்கு உண்டு, அம்மாவை நான் தாங்குவேன் என்று அரசுக்கு எழுதித் தரும் அந்தப் பத்திரம் சட்டப்படி என்னைக் கட்டுப்படுத்தும். மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும் மும்பையில் முடிந்தன. சுற்றுலா விசாவில் வரவழைத்து இங்கேயே கிரீன் கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று பலர் யோசனை சொன்னார்கள். நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தை மறைத்து எல்லையில் அம்மாவைப் பேச வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சட்டமும் அதை ஒப்பாது.

இந்த ஏற்பாட்டில் எனக்குத் தாங்கமுடியாததாக இருப்பது தங்கையின் நிலை. பெற்றோருக்கான மனுவில் அவர்களோடு சேர்ந்து யாரும் வர முடியாது. அம்மாவை அத்தனை ஆண்டுகள் பார்த்துக்கொண்ட தங்கை, சட்டத்தின் பார்வையில் என் உடன்பிறந்தவள் மட்டுமே. உடன்பிறந்தோருக்கான எஃப்4 பிரிவில் உலகம் முழுவதுக்கும் ஆண்டுக்கு 65,000 இடங்கள். அதிலும் ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற உச்சவரம்பு. 2025ஆம் ஆண்டின் விசா அறிவிப்புகளில், இந்தியாவிலிருந்து 2006இல் மனுக் கொடுக்கப்பட்டவர்களின் முறையே நடந்துகொண்டிருந்தது. "அம்மாவக் கூட்டிட்டுப் போ அக்கா, நான் பாத்துக்கறேன்" என்று அவள் சொன்னாள். அந்த வீட்டில் இனி யாரைப் பார்த்துக்கொள்வாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அம்மா வந்துவிட்டார். 65 வயதைக் கடந்து வரும் பெற்றோர் அரசின் மெடிகேர் காப்பீட்டில் பணம் கட்டிச் சேரக்கூட ஐந்தாண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அதுவரை தனியார் காப்பீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்பதை விசாவுக்கு முன்பே கணக்குப் பார்த்துவிடுங்கள். ஐந்தாண்டுக்குப் பிறகு அம்மாவும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குப் பெற 55 வயதோடு கிரீன் கார்டில் 15 ஆண்டுகளும் வேண்டும். ஆகவே அவர் இந்தியக் குடிமகளாகவே இருக்கப் போகிறார் என்பதுதான் எங்கள் எண்ணம். அவருக்கும் அதில் வருத்தமில்லை. ஆண்டில் சில மாதங்கள் தங்கையோடு போய் இருக்க விரும்புகிறார். ஓராண்டுக்கு மேல் தங்குவதானால் புறப்படும் முன்பே மறுநுழைவு அனுமதிக்கு இங்கிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அது பெரும்பாலும் இரண்டாண்டுக்குச் செல்லும்.

தங்கைக்கு மனுக் கொடுத்தால், தன் பெயரில் குடியேற்ற மனு இருப்பதை அவள் சுற்றுலா விசாப் படிவத்தில் சொல்லியாக வேண்டும். அதனால் விசா மறுக்கப்படவும் கூடும். இதை அவளிடம் விளக்கினேன், கொடு என்றாள். ஆனால் அவளுடைய பிறப்புச் சான்றிதழில் பெண் குழந்தை என்று மட்டும் இருக்கிறது, பெயர் சேர்க்கப்படவில்லை. பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தைப் பள்ளிச் சான்றிதழோடு பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறாள். அது கைக்கு வந்ததும் ஐ-130 போகும்.