ஹேண்ட்ஷேக் வருது, இணையம் வரல

வாடகை சர்வரில் வயர்கார்ட் விபிஎன் போட்டு, ஃபயர்வாலில் யூடிபி 51820 போர்ட்டைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். போனிலிருந்து இணைத்தால் ஹேண்ட்ஷேக் (இரு பக்கமும் சாவியைச் சரிபார்த்துக் கைகுலுக்குவது) அழகாக வருகிறது, சர்வருக்கு பிங் கூட போகிறது, ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை. இரண்டு மணி நேரம் சாவிகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். சுத்த வீண், சாவி தப்பாக இருந்தால் ஹேண்ட்ஷேக்கே வந்திருக்காது.

விஷயம் இதுதான்: போர்ட்டைத் திறப்பது சர்வருக்கு வரும் பாக்கெட்டுக்கு (தரவுத் துண்டுக்கு) மட்டும். சர்வர் வழியாக வெளியே போகும் பாக்கெட்டுக்கு விதி வேறு, யூஎஃப்டபிள்யூ (சர்வரில் ஓடும் ஃபயர்வால் நிரல்) அதை இயல்பாகவே தடுத்துவிடும். அதனால் கர்னலில் (இயங்குதளத்தின் மையத்தில்) ஐபி ஃபார்வர்டிங்கை, அதாவது வந்த பாக்கெட்டை அடுத்த இடத்துக்குக் கடத்தும் வசதியை, 1 ஆக்கி, விபிஎன் இடைமுகத்திலிருந்து வெளி இடைமுகத்துக்கு ஒரு ஃபார்வர்ட் விதி எழுதி, கூடவே மாஸ்கரேடும் (பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியை சர்வரின் முகவரியாக மாற்றுவது) சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் 10.8.0.2 மாதிரி தனி முகவரியோடு வெளியே போகும் பாக்கெட்டுக்குப் பதில் திரும்பி வர வழியே கிடையாது.

அப்புறமும் சில தளங்கள் பாதியில் தொங்கின. எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்) 1420இலிருந்து 1380 ஆகக் குறைத்தேன், சரியானது.

ஆங், யூஎஃப்டபிள்யூவை இயக்கும் முன் எஸ்எஸ்ஹெச்சுக்கு (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) அனுமதி கொடுத்துவிடுங்கள். நான் கதவை நானே சாத்திவிட்டு வெளியே நின்றவன்.