செயலி கேட்ட அனுமதியும் பெரியம்மாவின் சம்மதமும்

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் உள்ளவர்களுக்கான கைபேசிச் செயலிகள் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நாங்கள் வாழும் வரிசை வீடுகளான லயங்களுக்குள்ளும் வந்துவிட்டன. பிள்ளைகள் கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்க, தோட்டத்தில் இருக்கும் தாய் மருந்து குடித்தாரா, எங்கே நடந்து போகிறார் என்பதை அவை தொலைவிலிருந்தே காட்டுகின்றன. வேலையிலிருந்து நின்று வெகுகாலமான பின்னும் விடியுமுன் எழுந்து, வேலைக்கு ஆட்களைப் பிரித்தனுப்பும் பெரட்டுக் களத்துக்குப் புறப்பட்டுவிடும் என் பெரியம்மாவுக்கு அப்படியொன்று வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பனிமூட்டத்தில் தேயிலை மலைக்குள் ஒருவரைத் தேடுவது எவ்வளவு கடினமென்று தோட்டத்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்தச் செயலி இருப்பிடத்தோடு நிற்கவில்லை. ஒலிவாங்கி, படங்கள், தொலைபேசி இலக்கங்கள் என்று ஆங்கிலத்தில் வரிசையாக அனுமதி கேட்டது. எல்லாவற்றுக்கும் சரியென்று அழுத்தியவன் அவருடைய மகன், என் தம்பி. கைபேசியின் பூட்டுக்காகப் பெரியம்மாவின் விரலைப் பிடித்து வைத்துப் பார்த்தோம். கொழுந்து பறித்தே ரேகை தேய்ந்து, வெடிப்புகளில் கறை ஏறிய அந்த விரலைக் கருவி ஏற்கவில்லை. "இது எந்தக் கடுதாசிக்கு?" என்று மட்டும் கேட்டார். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, வாசிக்க முடியாத படிவங்களில் கைநாட்டு வைத்துப் பழகிய தலைமுறையின் நியாயமான கேள்வி அது.

எங்கள் நாட்டின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய விசேட வகையில் சேர்த்துள்ளது. இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரையோ, முடிவெடுக்கச் சிரமப்படுபவருக்கு அதற்கான உதவி கிடைக்க வேண்டும் என்கிறது. மறதி நோய் வந்த அன்றே ஒருவருடைய விருப்பு வெறுப்புகள் போய்விடுவதில்லை. மாலையில் குழம்புபவர் மறுநாள் காலையில் தெளிவாகப் பேசக்கூடும் என்பதால், தெளிந்த வேளை பார்த்து, ஒவ்வொன்றாக, அவருடைய பேச்சுத் தமிழில் கேட்பதும், பிறகு ஒருநாள் அதையே திரும்பக் கேட்பதும்தான் சம்மதம் பெறும் முறை. நோய் முற்றிய பின் கேட்க முடியாது என்பதால் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். செயலி நிறுவனங்கள் இதைச் செய்யும் என்று காத்திருப்பதில் பயனில்லை. 2017 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பயனரின் தகவலைச் சேகரித்த 72 டிமென்ஷியா செயலிகளில் 33 மட்டுமே தனியுரிமைக் கொள்கையை வைத்திருந்தன.

ஒரு காலையில் பெரியம்மாவிடம் கேட்டேன். நிறுவனத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. தாம் போகும் இடத்தை மகன் பார்க்கலாம், மருமகள் பார்க்கக் கூடாது என்றார். ஒரே சுவருக்கு இருபுறமும் குடும்பங்கள் வாழும் லயத்தில் எதை யாரிடம் மறைக்க வேண்டுமென்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. செயலியிலோ கடவுச்சொல் தெரிந்தவர் எவரும் எல்லாவற்றையும் பார்க்கலாம். ஒலிவாங்கி, படங்கள், இலக்கங்கள் ஆகியவற்றுக்கான அனுமதிகளைக் கைபேசியின் அமைப்புகளுக்குள் போய் நீக்கினோம். தம்பி கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டான். மருமகளுக்கு எங்கள் இருவர் மீதும் இன்னும் கோபம்தான்.