மாரியிலும் கோணாத அம்புத்தண்டு

போன ஆவணியில் பன்னிரண்டு அம்புத்தண்டு சீவி முடித்தேன். கிளிநொச்சியில் சோளகம் வீசி மரமெல்லாம் காய்ந்து கிடந்த காலம். பழைய யன்னல் கண்ணாடியில் உருட்டிப் பார்த்தபோது பன்னிரண்டும் தட்டுப்படாமல் ஓடின. கார்த்திகையில் மழை பிடித்தது. பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் ஏழு தண்டு கோணல்.

கோணலை அளக்கக் கொப்பித்தாளைப் பாவிக்கிறேன். தண்டைக் கண்ணாடியில் வைத்து, அடியில் தெரியும் இடைவெளிக்குள் எத்தனை தாள் நுழைகிறது என்று எண்ணுவேன். இரண்டு தாள் என்றால் பரவாயில்லை. ஏழில் மோசமானதற்குள் முப்பது தாள் போயிற்று. வைக்கோல் கட்டுக்கு எய்தால் வாலை ஆட்டிக்கொண்டு போய்ச் சரிவாகக் குத்தியது.

சரி, சூடு காட்டி நிமிர்த்தலாம் என்று இறங்கினேன். சிரட்டைக்கரித் தணலுக்கு ஒரு சாண் மேலே, வளைந்த இடத்தை மட்டும் உருட்டி உருட்டிக் காட்ட வேண்டும். நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகும். விரல் வைக்க முடியாத சூடு வந்ததும் எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாகவே வளைத்து, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கையை எடுத்தால் பழையபடி திரும்பிவிடும். பழுப்பு நிறம் ஏறும்வரை காட்டினால் அந்த இடம் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஒரு தண்டு வளைக்கும்போது மெல்லிய சத்தம் கேட்டது. வெடிப்பு கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனாலும் முறித்து அடுப்பில் போட்டேன். வெடித்த தண்டு நாணை விட்டுப் புறப்படும்போது சிதறினால் வில் பிடித்த கைக்குள் ஏறும். இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது.

மிச்சம் ஆறும் நிமிர்ந்தன. ஒரு கிழமைக்குள் நான்கு மறுபடி வளைந்தன, அதே பக்கத்துக்கு.

மரக்காலையில் வேலை செய்யும் ஒரு தச்சரிடம் இரண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். "தம்பி, வாள் போன போக்கில அறுத்திருக்கிறீர். நாரைப் பார்க்கேல்லையே?" என்றார். நகத்தால் ரேகையைத் தொட்டுக் காட்டினார். ஒரு பக்கத்தில் தொடங்கிய நார் ஒரு முழத்துக்குள் மற்றப் பக்கத்தால் வெளியேறியிருந்தது. ஈரம் குடித்தால் மரம் நாருக்குக் குறுக்கேதான் பருக்கும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. நார் சாய்ந்திருந்தால் அந்தப் பருமன் நீளத்திலும் சேர்ந்து, ஒரு பக்கம் மற்றதைவிட நீண்டுவிடுகிறது. தணலால் அதை எவ்வளவு நாள் அடக்கி வைப்பது?

மார்கழியில் புதிதாகத் தொடங்கினேன். பொதிப்பெட்டிகளில் வரும் பைன் பலகையை இந்தமுறை அறுக்கவில்லை. கத்தியை வைத்துத் தட்டிப் பிளந்தேன். பிளவு நாரோடுதான் போகும். இருபது பிளவில் ஒன்பதுதான் தேறின. அவற்றைச் சைக்கிள் ரியூப் கீற்றால் ஒரே கட்டாக இறுக்கி, குசினி அடுப்புக்கு மேலே மூன்று கிழமை கட்டி வைத்தேன். பிறகு சதுரமாகச் சீவி, எட்டுப்பட்டையாக்கி, உருட்டி, ஒன்பது மில்லிமீற்றர் துளை போட்ட இரும்புத் தகட்டுக்குள் நுழைத்துச் சரிபார்த்தேன்.

அடுத்தது பூச்சு. முதல்முறை வார்னிஷ் காய்ந்த பிறகுதான் நாணுக்கான வெட்டைப் போட்டிருந்தேன். அந்த வெட்டுவாய் வெறும் மரமாகவே இருந்துவிட்டது. பக்கங்களைவிட முனைகளால்தான் மரம் பலமடங்கு வேகமாக ஈரம் உறிஞ்சும். நான் அந்த வாசலைத் திறந்தே விட்டிருக்கிறேன். இப்போது வெட்டையும் கூர்முனையையும் முதலில் முடித்துவிட்டு, முனைகளுக்கு மூன்று பூச்சு, மற்ற இடத்துக்கு இரண்டு.

வைக்கும் இடத்தையும் மாற்றினேன். விறாந்தை மூலையில் ஈரச்சுவரில் சாய்த்து வைத்தது பெரிய பிழை. இப்போது ஒவ்வொன்றும் நூலில், சுவரில் படாமல், கூரை வளையிலிருந்து தொங்குகிறது.

வித்தியாசம் பார்க்க ஒன்றுக்கு மட்டும் பூச்சே போடவில்லை. தை நடுவில், நான்கு நாள் விடாத மழைக்குப் பிறகு அளந்தேன். பூசிய எட்டில் ஏழுக்கு இரண்டு தாளும் நுழையவில்லை. சிறு கணு இருந்த ஒன்றுக்கு ஐந்து தாள். அதைத் தணலில் ஒருமுறை நிமிர்த்தினேன், இன்னும் நிற்கிறது. பூசாத தண்டுக்கு ஒன்பது தாள் போயிற்று. மாசி வெயிலில் அதுவும் தானாகவே மூன்று தாளுக்கு இறங்கிவிட்டது. நார் நேராக இருந்ததால்தான் என்று நினைக்கிறேன். அதைப் பூசாமலே அடுத்த மாரிக்கும் தொங்கவிட்டிருக்கிறேன்.