ரைசிங் சன்: ஒரே பாட்டோடு ஆறு வாரம்

கிட்டார் வாங்கி ஒரு வருடம் ஆகப் போகிறது. 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' பாட்டை எடுத்ததற்குக் காரணம், தி அனிமல்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 1964 பதிவு. அதன் கிட்டாரிஸ்ட் ஹில்டன் வாலன்டைன் ஒவ்வொரு கம்பியாக மீட்டிக்கொண்டு போகும் அந்தத் தொடக்கத்தை எப்படியாவது வாசித்துவிட வேண்டும் என்று ஆசை. ஏ மைனர், சி, டி, எஃப். அப்புறம் ஏ மைனர், சி, இ. கோர்டுகள், அதாவது சேர்த்து மீட்டும் சுரக் கூட்டங்கள், அவ்வளவுதான். தாளம்தான் கையில் நிற்கவில்லை. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை அணைத்துவிட்டு 'தகிட தகிட' என்று வாயால் சொல்லிக்கொண்டே மீட்டினேன், மூன்றாம் நாள் கை ஓடியது. எஃப் கோர்டில் ஒன்றாம் கம்பி ஊமையாகவே கிடந்தது. ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் பக்கவாட்டில், எலும்பு ஓரம் படும்படி சாய்த்ததும் பேசியது.

இரண்டாம் வாரம் பழைய பதிவுகளைத் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். இது அமெரிக்காவின் நாட்டுப்புறப் பாட்டு, எழுதியவர் யாரென்று கிடையாது. 1933-இல் கிளாரன்ஸ் ஆஷ்லியும் க்வென் ஃபாஸ்டரும் பாடிய இசைத்தட்டு இருக்கிறது. ஆஷ்லி இதைத் தன் தாத்தாவிடம் கற்றதாகச் சொல்லியிருக்கிறார்.

என்னை நிறுத்தி வைத்தது 1937 பதிவு. நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் கென்டக்கியின் மிடில்ஸ்பரோவில் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் இறங்குகிறார். ஜார்ஜியா டர்னர் என்ற 16 வயதுப் பெண், சுரங்கத் தொழிலாளி மகள், பாடுகிறாள். கரகரவென்ற இரைச்சலுக்குள்ளிருந்து அந்தக் குரல் வருகிறது. அங்கே கெட்டுப்போன ஏழைப் பெண்கள் பலர், அவர்களில் நானும் ஒருத்தி என்கிறாள். தங்கையிடம் சொல்லுங்கள், நான் செய்ததை அவள் செய்ய வேண்டாம் என்கிறாள்.

அனிமல்ஸ் பாட்டில் எரிக் பர்டன் பாடுவது ஏழைப் பையனைப் பற்றி. பாட்டில் வரும் சூதாடி, அந்தப் பையனின் அப்பா. தங்கைக்குப் பதில், அம்மாக்களே, உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்று ஊருக்கே புத்தி சொல்வதாக ஆகிவிடுகிறது. தலைப்பில் வரும் அந்த 'ரைசிங் சன்' வீடு விலைமாதர் விடுதியா, பெண்கள் சிறையா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கால் பிளாட்ஃபாரத்தில், ஒரு கால் ரயிலில் என்று வரும் அடியை ஒரு பையன் பாடினால் எனக்கு ஊர்சுற்றி நினைவுக்கு வருகிறான். பெண் பாடும்போதோ, தப்பித்த இடத்துக்கே திரும்பிப் போகிறாளே என்று அடிவயிறு கலங்குகிறது.

நாட்டுப்புறப் பாடகி ஜோன் பாயஸ் 1960-இல் இதைப் பெண்ணின் பாட்டாகவே பாடினார். பாப் டிலனும் 1962-இல் தன் முதல் ஆல்பத்தில் பெண்ணாகவே நின்று பாடுகிறார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. அதன் கோர்டு அமைப்பு இன்னொரு நாட்டுப்புறப் பாடகரான டேவ் வான் ராங்க் செய்தது. அவர் தானே பதிவு செய்யக் காத்திருந்தபோது டிலன் முந்திக்கொண்டார். அப்புறம் வான் ராங்க் பாடினால் 'டிலன் பாட்டா?' என்றார்கள். அனிமல்ஸ் வந்த பிறகு டிலனுக்கும் அதே கதி. அந்த அமைப்பின் உயிர், படிப்படியாக இறங்கும் பாஸ், அதாவது கீழ்ச் சுரங்கள். நானும் ஏ மைனரிலிருந்து எஃப் வரை கட்டைவிரலால் ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப் என்று இறங்கிப் பார்த்தேன். கிணற்றுப் படியில் கால் வைத்து இறங்குகிற மாதிரி இருக்கிறது.

பாடகி நீனா சிமோன் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார். 1962-இல் வெளிவந்த மேடைப் பதிவு மெல்ல நகர்கிறது, 1967 பதிவு விரட்டிக்கொண்டு ஓடுகிறது. ஒரே ஆள், ஒரே கதை. வேகமான பதிவில் துக்கம் எனக்கு எட்டவில்லை. மெதுவான பதிவை ராத்திரி விளக்கணைத்துவிட்டு நாலு தடவை கேட்டேன்.

ஆறாம் வாரம், அதாவது இப்போது. ஆசைப்பட்ட தொடக்க மீட்டல் தடங்கலில்லாமல் வருகிறது. ஆனால் பாடும்போது அதை விட்டுவிடுகிறேன். அது ஓடிக்கொண்டே இருந்தால் சொற்களுக்கு மூச்சுவிட இடமில்லை. கட்டைவிரல் பாஸ் மட்டும் வைத்து, தங்கை வரும் சரணத்தை நேற்று ஃபோனில் பதிவு செய்தேன். என் குரலுக்கு ஏ மைனர் தாழ்வு. கம்பிகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கேபோவை மூன்றாம் கட்டத்தில் மாட்டிப் பாடியதும் சரியாக உட்கார்ந்தது. டி-யிலிருந்து எஃப் போகும் இடத்தில் மட்டும் இன்னும் ஒரு கணம் தாமதிக்கிறேன். இந்த வாரம் அந்த இரண்டு கோர்டு மட்டும்தான்.