அப்பாவின் பார்வையில் அது 'மருந்து': பார்க்கின்சன் ஆய்வு ஒன்றில் அவரைச் சேர்த்த அனுபவம்

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் என்று உறுதியாகி நான்காம் ஆண்டில், அந்நோய்க்கும் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி வகைகளுக்கும் உள்ள தொடர்பைத் தேடும் ஓர் ஆய்வில் சேர விருப்பமா என்று அவருடைய நரம்பியல் மருத்துவர் கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழவு செய்தவர் என்பதால் அப்பா உடனே சம்மதித்தார். பரிந்துரைக் கடிதமும் தேதியும் ஒரே வாரத்தில் வந்துவிட்டன.

முதல் பயணம் முழுதாக வீணாயிற்று. நடுக்கம், தசை இறுக்கம், நடை ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடும் பரிசோதனையை, மாத்திரையின் வேகம் இறங்கிய நிலையில்தான் செய்ய வேண்டும் என்பது அந்த ஆய்வின் விதி. அதற்கு முந்தைய இரவிலிருந்து சுமார் 12 மணி நேரம், அப்பா நோய்க்காகச் சாப்பிடும் லெவோடோபா மாத்திரையை எடுத்திருக்கக் கூடாது. எங்களைத் தொலைபேசியில் அழைத்தவரோ "எல்லா மாத்திரைகளையும் கொண்டு வாருங்கள்" என்று மட்டும்தான் சொன்னார். அப்பா வழக்கம்போல் காலை ஆறு மணிக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு, மீதியைப் பையில் எடுத்துக்கொண்டு வந்தார். முகப்பில் இருந்த அலுவலர் தலையை நிமிர்த்தாமலே, "கடிதத்திலேயே இருக்கிறதே, படிக்கவில்லையா?" என்றார். எங்களுக்கு வந்த தாளை அவர் முன் வைத்து, அதன் அடியில் 'பக்கம் 1/2' என்று அச்சாகியிருந்த இடத்தில் விரலை வைத்தேன். அவர் எதுவும் பேசாமல் இரண்டாம் பக்கத்தை அச்சிட்டுத் தந்தார். அன்றைய நாளில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான். தேதி மூன்று வாரம் தள்ளிப்போனது.

இதே நிலையில் இருப்பவர்கள், மாத்திரையை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி தொடங்கலாம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி, சிகிச்சை தரும் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். லெவோடோபாவைத் தாமாக நிறுத்துவதும், சொன்ன நேரத்துக்கு மேல் இழுப்பதும் ஆபத்தானவை. மாத்திரையில்லாத காலையில் அப்பாவால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. ஆகவே சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பரிசோதனை முடிந்ததும் அங்கேயே விழுங்க ஒரு வேளை மாத்திரையையும் கையில் வைத்திருங்கள்.

இரண்டாம் பயணத்தில் உடல் பரிசோதனையும் இரத்தம் எடுப்பதும் அரை மணி நேரத்தில் முடிந்தன. அதன்பின் வந்த கேள்விப் படிவம்தான் எங்களைப் படுத்திவிட்டது. பாராகுவாட் போன்ற களைக்கொல்லியின் பெரும்பகுதி சில நாள்களிலேயே உடலைவிட்டு வெளியேறிவிடுவதால், முப்பது ஆண்டுகளுக்கு முன்பு தெளித்ததை இன்றைய இரத்தத்தில் தேடிப் பயனில்லை. பங்கேற்பவரின் நினைவுதான் சான்று. அமெரிக்கப் பண்ணைகளில் பூச்சிக்கொல்லி தெளிப்பவர்களிடையே நடந்து 2011இல் வெளியான ஆய்வும், இத்தகைய நேர்காணல்களை வைத்துத்தான் ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியையோ பாராகுவாட்டையோ பயன்படுத்தியவர்களிடம் பார்க்கின்சன் நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று காட்டியது. இவ்வளவு எடையைத் தாங்கும் படிவத்தின் முதல் கேள்வியிலேயே அப்பா கவிழ்த்துவிட்டார்.

"ஐயா, நீங்கள் பூச்சிக்கொல்லியோ களைக்கொல்லியோ பயன்படுத்தியதுண்டா?"

"இல்லையம்மா. அதையெல்லாம் நான் தொட்டதே இல்லை."

நேர்காணல் எடுத்த இளம்பெண் 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக, நான் பதறிப்போய், "அப்பா, வயலுக்கு மருந்து அடிப்பீர்களே?" என்றேன். "மருந்தா? அது அடிக்காமல் எப்படி? முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அடிப்பேனே" என்றார் அவர். அவர் வாயில் அது ஒருநாளும் 'கொல்லி' ஆனதில்லை. பயிரைக் காப்பாற்றுவது என்பதால் மருந்து.

அந்தப் பெண்ணோ பேனாவை வைத்துவிட்டார். நோயாளிகளிடமும், ஒப்பீட்டுக்காகச் சேர்த்திருக்கும் நோயில்லாதவர்களிடமும் கேள்விகளை எழுத்து மாறாமல் கேட்க வேண்டுமாம். நோய் வந்தவரின் வீட்டார் துருவித்துருவி நினைவூட்டினால் முடிவு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்றார். அவர் சொன்னது சரிதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வியே புரியாமல் வரும் 'இல்லை'யும் முடிவைச் சாய்க்காதா என்று நான் கேட்டதற்கு அவரிடம் பதிலில்லை. மேற்பார்வையாளரை அழைத்தார், நாற்பது நிமிடம் காத்திருந்தோம். இறுதியில், நடந்ததை ஓரக்குறிப்பாக எழுதிவிட்டு அப்பாவின் பதிலைத் திருத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது.

அடுத்து, எந்த மருந்து, எந்த ஆண்டு என்ற கேள்வி. அப்பா சொன்னவை எல்லாம் கடைப் பெயர்கள். படிவத்துக்கு வேண்டியது அதனுள் இருக்கும் வேதிப்பொருளின் பெயர். மிச்சத்தை வீட்டில் தேடி எழுதி வருமாறு தாள்களைக் கொடுத்து அனுப்பினார்கள். கொட்டகையின் மூலையில் துருப்பிடித்த டப்பா ஒன்று கிடைத்தது. பெரிய எழுத்தில் இருந்த கடைப் பெயர் உரிந்துபோயிருந்தாலும், அடியில் பொடி எழுத்தில் 'பாராகுவாட் டைகுளோரைடு' என்பது தெளிவாக இருந்தது. பழைய டப்பாவை வெறுங்கையால் எடுக்கவோ துடைக்கவோ வேண்டாம். நான் செய்தது போலத் தள்ளி நின்று படம் எடுத்தாலே போதும். ஆண்டுகளை எண்ணாகக் கேட்டால் அப்பா திணறினார். தங்கை பிறந்தது, கிணற்றை ஆழப்படுத்தியது, நான் பள்ளியை முடித்தது என்று வரிசையாக எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்பா பின்பா என்று கேட்டதும் பதில்கள் மளமளவென்று வந்தன.

மூன்றாம் பயணத்தில் மோப்பப் பரிசோதனை. சிறு கையேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பழுப்புப் பட்டை. பென்சிலால் சுரண்டி முகர்ந்து, நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். மொத்தம் 40 மணங்கள். அப்பா முதல் பட்டையைச் சுரண்டினார், முகர்ந்தார், மறுபடி அழுத்திச் சுரண்டிவிட்டு, "இது தீர்ந்துபோன பழைய புத்தகம் போல" என்றார். எனக்கு அந்த மணம் மேசைக்கு இப்பால் வரை வந்தது. மோப்பம் குறைவது நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கக்கூடும் என்று அன்றுதான் எனக்குச் சொன்னார்கள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டபோது, கை நடுங்குவதற்கு வெகு முன்பிருந்தே என்று சாதாரணமாகச் சொன்னார். யாரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லையாம்.

அவருக்கு நோய் வந்தது அந்த மருந்தால்தானா என்று கிளம்பும்போது கேட்டுப் பார்த்தேன். ஆய்வு கூட்டத்தைப் பற்றித்தான் பேசும், தனி ஒருவருக்கு அப்படிச் சொல்ல இயலாது என்றார் மேற்பார்வையாளர். ஒப்புதல் படிவத்திலும் அதுவே எழுதியிருந்தது, நான்தான் சரியாகப் படிக்கவில்லை. பிறகு அவர் மேசையிலிருந்து புதிய படிவம் ஒன்றை எடுத்துக் காட்டினார். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கி, இனி எல்லோரிடமும் கேட்பதற்காக, முதல் கேள்வியை மாற்றி அச்சிட்டிருந்தார்கள்: 'பயிருக்கு மருந்து அடித்ததுண்டா?'