கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்

போன செப்டம்பர் 20-ஆம் தேதி எனக்கு இரண்டு கெடு. ஒன்று ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது கடைக்காரர்களுக்காக நான் போடும் ஜிஎஸ்டி ரிட்டர்ன். கடைசி நாள் மத்தியானம்தான் பில் கட்டைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்று சத்தியம் செய்தாற்போல நடந்துகொள்ளும் நான்கு கடைக்காரர்கள் எனக்கு உண்டு. இன்னொன்று, நேஷன்ஸ்டேட்ஸ் என்ற இணைய விளையாட்டில் நான் வேட்பாளராக நின்ற தேர்தலின் வாக்குப்பதிவு அன்று இரவு முடிகிறது. திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, ஒரு திரையில் போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்க, இன்னொரு திரையில் 27-க்கு 29 என்று ஓட்டு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏண்டி, சாப்பிட வர்றியா இல்லையா?" என்று அம்மா கீழிருந்து மூன்றாவது தடவை கூப்பிட்டார்.

நேஷன்ஸ்டேட்ஸ் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேக்ஸ் பேரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் தன் நாவலுக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று 2002 நவம்பரில் தொடங்கிய விளையாட்டு இது. நாவலை நான் படித்ததில்லை, விளையாட்டில் மட்டும் ஆறு வருஷமாக இருக்கிறேன். ஒரு நாட்டை உருவாக்குகிறோம். கொடி, நாணயம், தேசிய விலங்கு எல்லாம் நம் இஷ்டம். என் நாணயம் காலணா, விலங்கு எருமை. தினமும் சில பிரச்சினைகள் வரும். நாம் எடுக்கும் முடிவைப் பொறுத்து நாடு மாறிக்கொண்டே போகும். பெரிய வரைகலை எதுவும் கிடையாது, எல்லாம் எழுத்துதான். மதியம் டிஃபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு ஆட ஏற்றது.

நாடுகள் சேர்ந்தால் ரீஜன். எங்கள் ரீஜனில் அப்போது 212 நாடுகள். இதற்கு மேல் வேர்ல்ட் அசெம்பிளி என்று ஒன்று. முதலில் அதற்கு ஐ.நா. என்றே பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் பெயரை உபயோகிக்காதீர்கள் என்று அசல் ஐ.நா. தரப்பிலிருந்து கடிதம் வந்ததால் 2008-ல் மாற்றினார்கள். விளையாட்டு நாடுகளுக்குக்கூடப் பயந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் ஒரு சந்தோஷம்தான்.

ஒருவர் எத்தனை நாடு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அசெம்பிளியில் ஒன்றே ஒன்றைத்தான் சேர்க்கலாம். அசெம்பிளியில் இருக்கும் நாடுகள் ஒரே ரீஜனுக்குள் ஒன்றுக்கொன்று எண்டார்ஸ்மென்ட், அதாவது ஆதரவு, கொடுக்கலாம். நாட்டின் பக்கத்துக்குப் போய் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். யாருக்கு அதிகம் சேர்கிறதோ அவர் அந்த ரீஜனின் டெலிகேட், தலைவர் மாதிரி. எங்கள் ரீஜனைத் தொடங்கியவர் எப்போதோ போய்விட்டார், அதனால் டெலிகேட் கையில்தான் சாவி. முகப்பை மாற்றலாம், கொடியை மாற்றலாம், பிடிக்காத நாட்டை வெளியே தள்ளித் தடை போடலாம்.

மூன்று வருஷம் டெலிகேட்டாக இருந்த அயர்லாந்துக்காரம்மா வேலை மாறுகிறேன், இனி முடியாது என்று எழுதியபோது, நிற்கலாம் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரே காரணம் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி. ரீஜனின் எல்லா முடிவுகளும் அங்கே ராத்திரி பேச்சில் முடிந்துவிடும். பேசுபவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். மறுநாள், விளையாட்டுக்குள்ளேயே எல்லோரும் எழுதும் ரீஜனின் பலகையில் "தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரு வரி வரும். யார் தீர்மானித்தது? நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கொடியை மாற்றினார்கள், எனக்குத் தெரியாது. பக்கத்து ரீஜனோடு ஒப்பந்தம் போட்டார்கள், அதுவும் தெரியாது. எல்லா விவாதமும் பலகையிலேயே நடக்கட்டும், முடிவெடுக்க மூன்று நாள் கொடுங்கள் என்பது மட்டுமே என் கோரிக்கை.

எதிராளி ஒரு கல்லூரிப் பையன், டிஸ்கார்டிலேயே குடியிருப்பவன். நல்ல பையன், நன்றாக எழுதுவான். வரைபடம், கதை, போர் என்று நாடுகளாகவே நடித்து எழுதும் ரோல்பிளே பக்கம் முழுக்க அவன் கட்டியதுதான்.

முதலில் எல்லோரும் செய்யும் தவறைத்தான் நானும் செய்தேன். இரண்டு ராத்திரி கண் விழித்து நீளமான தேர்தல் அறிக்கை எழுதி டிஸ்பாட்ச்சாக, அதாவது விளையாட்டுக்குள் வரும் கட்டுரையாக, போட்டேன். எட்டு உபதலைப்பு. படித்தவர்கள் ஐந்தாறு பேர் இருக்கலாம், அதில் இரண்டு தடவை நானே. அப்புறம் அசெம்பிளியில் இருந்த எழுபது நாடுகளுக்கும் ஒரே கடிதத்தை நகலெடுத்து டெலிகிராமாக அனுப்பினேன் (செயலி இல்லை, விளையாட்டுக்குள் அனுப்பும் தனிச்செய்திக்கு அந்தப் பெயர்). பதினைந்து வருஷமாக வரி அலுவலகத்துக்கு மட்டுமே ஆங்கிலத்தில் கடிதம் எழுதிய கை. "ரெஸ்பெக்டட் நேஷன்" என்று தொடங்கி "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்று முடித்திருந்தேன்.

மூன்று பதில் வந்தது. இரண்டு, "நான் இனி விளையாடுவதில்லை." மூன்றாவது ஒரு அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளையிடமிருந்து. "தேவையானதைச் செய்யச் சொல்கிறீர்கள், என்ன தேவை என்று சொல்லவில்லையே?"

காது சிவந்துவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளை கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டது. ஓட்டு எங்கே போடுவது, எப்போது முடிகிறது, எதுவும் தெரியாது.

எனக்கு ராஜாமணி அத்தை ஞாபகத்துக்கு வந்தார். 2019 டிசம்பரில் எங்கள் ஊரில் ஊராட்சித் தலைவருக்கு நின்றவர். பூட்டு சாவி சின்னம். திண்டுக்கல் மாவட்டத்தில் அதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்குமா? அத்தையிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. வீட்டுக்கு ஒரு வரி. யார் இருக்கிறார்கள், யார் திருப்பூரில் வேலையில் இருக்கிறார்கள், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வருவார். கிராமத்தில் ஒருவருக்கு நான்கு வாக்குச் சீட்டு என்பதால், "ரோஸ் கலர் சீட்டுல பூட்டு சாவி, மத்த மூணும் உங்க இஷ்டம்" என்று மட்டும் சொல்வார். வேறு பேச்சே கிடையாது. 41 ஓட்டில் தோற்றார், அது வேறு விஷயம்.

அந்த நோட்டை எக்செல்லில் திறந்தேன். எழுபது வரி. ஒவ்வொரு நாட்டின் பக்கத்துக்கும் போய், என்ன கொடி, என்ன குறிக்கோள் வாசகம், கடைசியாக எப்போது வந்தார்கள், பலகையில் என்ன பேசியிருக்கிறார்கள் என்று பார்த்து, ஆளுக்கு நான்கு வரியில் தனித்தனி டெலிகிராம். வாக்கெடுப்புப் பக்கம் எங்கே இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே சொன்னேன். கடைசியில் ஒரு கேள்வி: ரீஜனில் உங்களுக்கு என்ன குறை?

அப்போதுதான் பேசினார்கள். வீட்டில் டிஸ்கார்டுக்கு அனுமதி இல்லாத பிள்ளைகள் மட்டும் ஆறு பேர். ராத்திரி வேலைக்காரர் ஒருவர், தான் எழுந்திருக்கும்போது எல்லாம் முடிந்துவிடுகிறது என்றார். ஒருவருக்குப் புதுக் கொடியில் இருக்கும் பறவை பிடிக்கவில்லை. அது என்ன பறவை என்று எனக்கும் இன்றுவரை தெரியாது. இன்னொருவர், நான்கு வருஷமாக இங்கே இருக்கிறேன், எனக்கு வந்த முதல் கடிதம் உங்களுடையதுதான் என்று எழுதினார். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எதிராளியும் சும்மா இருக்கவில்லை. என் நாட்டின் பக்கத்தைப் படம் எடுத்துப் பலகையில் போட்டான். சிவில் உரிமை, பொருளாதாரம், அரசியல் சுதந்திரம் என்ற மூன்றையும் வைத்து விளையாட்டு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வகை கொடுக்கும். என் நாட்டின் வகை 'ஃபாதர் நோஸ் பெஸ்ட் ஸ்டேட்'. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற மாதிரியான நாடு. எப்போதோ ஒரு மதிய வேளையில், சோற்றைப் பிசைந்துகொண்டே, தேர்தல் செலவு அதிகம் என்று தேர்தலையே ஒழித்திருந்தேன். "எல்லோரையும் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்பவரின் சொந்த நாட்டில் தேர்தலே இல்லை" என்று எழுதினான். உண்மைதானே, என்ன சொல்வது? "என் எருமைகள் புகார் சொல்லவில்லை, இருந்தாலும் திருத்திக்கொள்கிறேன், கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்று பதில் போட்டேன். அந்தக் கடைசி வரி பிடித்துக்கொண்டது. மறுநாளிலிருந்து என் ஆதரவாளர்கள் எல்லாப் பதிவையும் அப்படியே முடித்தார்கள். பாதிப் பேருக்கு அதன் அர்த்தம் தெரியாது.

ரிட்டர்ன் நான்கும் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்த நேரத்தில் வாக்கெடுப்பும் முடிந்தது. 31-க்கு 27. ஜெயித்தேன்.

ஆனால் டெலிகேட் ஆகவில்லை. இதைத்தான் விளையாடாதவர்களுக்குப் புரியவைக்க முடிவதில்லை. வாக்கெடுப்பு நாங்களாக வைத்துக்கொண்ட ஏற்பாடு, விளையாட்டின் இயந்திரத்துக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்டார்ஸ்மென்ட் எண்ணிக்கை மட்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை அப்டேட் நடக்கும். நம் கணக்கில் காலையில் ஒன்று, இரவு ஒன்பதரை வாக்கில் ஒன்று. அந்த நிமிஷத்தில் யாருக்கு அதிகமோ அவருக்குப் பதவி. பழைய டெலிகேட்டிடம் 52 இருந்தது. என்னிடம் 14.

ஏன் இவ்வளவு குறைவு? எண்டார்ஸ்மென்ட் என்பது எங்கள் பக்கத்து மொய் மாதிரி. நாம் போய்ப் பொத்தானை அழுத்தினால் அவர்களும் பதிலுக்கு அழுத்துவார்கள். விவரமானவர்கள் முதல் வாரத்திலேயே எல்லா வீட்டுக்கும் போய் மொய் எழுதிவிடுவார்கள். நான் ஆறு வருஷம் யாருக்கும் எழுதாமல், யாரிடமும் கேட்காமல், கூச்சப்பட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவள். விசேஷம் வந்த பிறகு நோட்டைப் புரட்டினால் என்ன இருக்கும்?

பழைய டெலிகேட் அசெம்பிளியிலிருந்து விலகிவிட்டால் தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்தான் எச்சரித்தார். "நான் போனால் அடுத்தது நீங்கள் இல்லை." பார்த்தால், 34 எண்டார்ஸ்மென்ட்டோடு ஒரு நாடு அமைதியாக இரண்டாம் இடத்தில் இருக்கிறது. தேர்தலில் நிற்கவில்லை, ஓட்டும் போடவில்லை, பலகையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசியாக வந்து 17 நாள் ஆகிறது. பழைய டெலிகேட் அவசரப்பட்டு விலகியிருந்தால் ரீஜனின் சாவி அந்த ஊமை நாட்டிடம் போயிருக்கும்.

இந்த விளையாட்டில் இப்படிப் பயப்படுவது அசட்டுத்தனம் இல்லை. 2003-லேயே தி பசிபிக் என்ற மிகப் பெரிய ரீஜனை ஒரு டெலிகேட் கைப்பற்றித் தன் ஆட்சியாக மாற்றிய கதை உண்டு. அப்டேட் நேரம் பார்த்துக் கும்பலாக வந்து இறங்கி ரீஜனைப் பிடிப்பவர்கள் ஒரு பக்கம், அதைத் தடுக்கவே இருப்பவர்கள் ஒரு பக்கம் என்று தனி உலகமே இருக்கிறது. ஊமை நாடு அவர்களில் ஒருவரா, இல்லை வீட்டில் நெட் கட்டாகிவிட்டதா? 28 நாள் வராவிட்டால் நாடு தானாகவே மறைந்துவிடும். இன்னும் 11 நாள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கலாம் என்றார் ஒருவர். அதற்குள் அவர் வந்துவிட்டால்?

ஆக, ஜெயித்த மறுநாள் பிரச்சாரம் முதலிலிருந்து தொடங்கியது. எனக்கு ஓட்டுப் போட்ட 31 பேரில் 19 பேர் எனக்கு எண்டார்ஸ்மென்ட் கொடுத்திருக்கவில்லை. ஓட்டுப் போட்டாயிற்று, கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். மறுபடி எக்செல், மறுபடி ஆளுக்கு நான்கு வரி. இந்தத் தடவை நானே முதலில் போய் எழுபது பேருக்கும் மொய் எழுதிவிட்டு வந்தேன். கூச்சம் எல்லாம் முதல் பத்துப் பேர் வரைதான். எதிராளிப் பையன் தோற்ற அன்றே எனக்கு எண்டார்ஸ் செய்து, தன் ஆட்களையும் செய்யச் சொல்லியிருந்தான். எனக்கு ஓட்டுப் போட்டவர்களைவிட அவனுக்குப் போட்டவர்கள் வேகமாக வந்தார்கள். தினம் டிஸ்கார்டில் கூப்பிட்டுச் சொல்ல அவனுக்கு ஆள் இருந்தது, எனக்கு இல்லை. அது கொஞ்சம் உறைத்தது.

22, 27, 31. ஏழாம் நாள் 33-ல் நின்றுவிட்டது. அன்று மத்தியானம் ஊமை நாட்டிலிருந்து டெலிகிராம். நான் அனுப்பிய மூன்றில் ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கிறார். பரீட்சையாம், அதனால் வரவில்லையாம். "நான் இரண்டாம் இடத்திலா இருக்கிறேன்? யாரும் சொல்லவே இல்லையே" என்று எழுதி, எனக்கு எண்டார்ஸ் செய்துவிட்டு, அசெம்பிளியிலிருந்தும் விலகிவிட்டார். பாவம், அவரைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தோம். ஆனால் அவர் விலகியதும் அவர் கொடுத்த எண்டார்ஸ்மென்ட்டும் கூடவே போய்விட்டது. அதை அவரிடம் சொல்ல மனசு வரவில்லை.

மறுநாள் இரவு எண்ணிக்கை 38. ஒன்பதே காலுக்குப் பழைய டெலிகேட் "போகிறேன்" என்று ஒரு வார்த்தை அனுப்பிவிட்டு விலகினார். அப்டேட் எங்கள் ரீஜனுக்கு வர இன்னும் சில நிமிஷம். சாப்பாட்டுத் தட்டோடு திரை முன்னால் உட்கார்ந்து பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். இட்லி காய்ந்துவிட்டது. ஒரு புதுப்பிப்பில் டெலிகேட் என்ற இடத்தில் என் எருமை நாட்டின் பெயர் இருந்தது.

டெலிகேட்டாக எனக்கு வந்த முதல் டெலிகிராம், அந்தப் பறவை பிடிக்காதவரிடமிருந்து. வாழ்த்து எதுவும் இல்லை. கொடி இன்னும் மாறவில்லை, எண்டார்ஸ்மென்ட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வது எப்படி என்று கேட்டிருந்தார். என் நாட்டின் பக்கத்துக்கு வாருங்கள், முன்பு அழுத்திய அதே இடத்தில் இப்போது திரும்பப் பெறும் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் போதும், அடுத்த அப்டேட் காலையில், என்று வரிசையாக எழுதினேன். கடைசியில் கை தானாகவே 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று அடித்துவிட்டது. அழிக்காமல் அப்படியே அனுப்பினேன்.