எங்க ஊர்ல கண் கேம்ப் நடத்துன அனுபவம்: கேம்ப் ஈசி, கடுதாசிதான் கஷ்டம்

ஆபரேஷன் ஆனவங்க எல்லாம் ஊர் திரும்பி சொட்டு மருந்தும் முடிஞ்ச பொறவுதான் இத எழுத உக்காருதேன், நடுவுல எழுதியிருந்தா வெறும் வசவா இருந்திருக்கும். உங்க ஊர்ல மகளிர் குழுவோ மன்றமோ ஜமாத்தோ சர்ச்சோ, யாராவது ஒரு ஆஸ்பத்திரிய ஊருக்குள்ள கூட்டிட்டு வரலாம்னு நெனச்சா ஒரு தடவ படிச்சுட்டு எறங்குங்க. கண் கேம்ப்னா என்னன்னு நான் வெளக்கப் போறதில்ல. 1988ல அரவிந்த் ஆஸ்பத்திரி திருநெல்வேலிக்கு வந்து எத்தன வருஷம் ஆச்சு, பஸ்ல ஏத்திட்டுப் போயி புரை எடுத்துட்டு திருப்பிக் கொண்டாந்து விடுறது நம்ம ஜில்லாவுல புள்ளைகளுக்குக் கூட தெரியும். எங்க ஊருக்கு வந்த ஆஸ்பத்திரி எதுன்னு பேரு போடல, கேக்காதீங்க, ஏன்னா நான் திட்டப் போறது நெறைய பேர.

எங்க ஊரு முக்கூடல் பக்கம். பாதி வீட்டுல பொம்பளைங்க மடியில சொளவு, அதான் மொறம், இருக்கும், பீடி சுத்துறதுதான் பொழப்பு. நாப்பது தாண்டுனா வெள்ளெழுத்து, அதான் கிட்டத்துல உள்ளது மங்கலா தெரியுறது, யாருக்கும் வரதுதான், ஆனா பீடி சுத்துறவங்களுக்கு அது நேரா கூலில கை வைக்கும். நூல் கட்டு சரியா விழலன்னாலோ இலையில ஓட்டை இருக்கிறது தெரியாம சுத்திட்டாலோ கடையில செக்கர் கழிச்சுப் போட்டுருவாரு, கழிச்சதுக்கு கூலி கெடையாது. முக்கூடல்ல பீடித் தொழிலாளிகளுக்குன்னே மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்கு, திருநெல்வேலில ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியும் இருக்கு, ஆனா ஒரு நாள் அங்க போயி உக்காந்தா அன்னைக்கு கூலி போச்சு, தொணைக்கு வரவ கூலியும் போச்சு. அதனால "ஆஸ்பத்திரி ஊருக்கு வந்தா பாப்போம்"னுதான் எல்லாரும் சொல்லுவாவ. அத நம்பித்தான் எங்க குழு எறங்குச்சு.

மொதல்ல டவுன் பக்கம் உள்ள ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில கேட்டோம். மக்கள் தொடர்புன்னு ஒரு டிபார்ட்மென்ட் வச்சிருக்காங்க, அதுல ஒரு தம்பி, பேச்சு தேன் மாதிரி. பஞ்சாயத்து லெட்டர்பேடுல கடிதம் கொண்டாங்கன்னான், கொண்டு போனோம். குழு லெட்டர்பேடுலயும் வேணும்னான், அதுவும் குடுத்தோம். அப்புறம் "எத்தன பேரு வருவாங்க மேடம், நூறு பேருக்கு கொறஞ்சா எங்க எம்டி ஒத்துக்க மாட்டாரு"ன்னான். சரி, வந்தாங்க. பிரஷர் பாத்தாங்க, விரல்ல குத்தி சுகர் பாத்தாங்க, போறப்ப எல்லார் கையிலயும் ஒரு சீட்டு. இந்த வாரத்துக்குள்ள நேர்ல வந்தா மாஸ்டர் செக்கப்ல பாதி தள்ளுபடின்னு அச்சடிச்சு வச்சிருக்காவ. எங்க தெரு ஆச்சி ஒருத்தி அத இலவசம்னு நெனச்சு பஸ் ஏறிப் போயி, ஸ்கேன் எடுக்க வச்சு, மகன் வந்து பணம் கட்டித்தான் வெளிய வந்தா. அன்னைக்கு சாயங்காலம் என் வீட்டு வாசல்ல நின்னு "ஏட்டி, நீ சொல்லித்தானடி போனேன், ஆள் புடிச்சுக் குடுக்கதுக்கு உனக்கு என்ன தந்தாவ?"ன்னு கேட்டா பாருங்க, தூக்கம் வரல எனக்கு. குழுக் கூட்டத்துலயும் அந்தப் பேச்சுதான்.

அதனால மொத எச்சரிக்கை இதுதான்: எது இலவசம், எதுக்கு காசு, பரிசோதனையில ஏதாவது தெரிஞ்சா அடுத்து எங்க அனுப்புவாங்க, இத மூணையும் ஆஸ்பத்திரி சீலோட எழுதி வாங்காம நோட்டீஸ் அடிக்காதீங்க. காப்பீட்டு அட்டை இருந்தா எல்லாம் ஃப்ரீன்னு வாயால சொல்லுவாங்க. முதலமைச்சர் காப்பீடு ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும்தான், ஆனா பட்டியல்ல உள்ள ஆஸ்பத்திரில பட்டியல்ல உள்ள சிகிச்சைக்குத்தான் செல்லும், போயி நிக்கிற எல்லா டெஸ்டுக்கும் செல்லாது. வருஷ வருமானம் 1,20,000க்குள்ளன்னு விஏஓ சான்று வாங்கி அட்டை எடுக்காதவங்களே எங்க ஊர்ல பாதிப் பேரு, அவங்ககிட்ட போயி அட்டைய காட்டுங்கன்னா என்ன காட்டுவாவ?

அப்புறம்தான் கண் ஆஸ்பத்திரி. இவங்க ஆள் வேற ரகம், கேம்ப் பாக்குற அண்ணாச்சி மொத நாளே ஊருக்கு வந்து எடத்தப் பாத்தாரு. எழுத்துப் பலகைக்கு ஆறு மீட்டர் நீளம் வேணும், ஒரு ரூம இருட்டாக்கணும், தண்ணி, கக்கூஸ், கரண்ட். டாக்டர், நர்ஸ், மிஷினு, பஸ்சு, ஆபரேஷன், லென்சு, அங்க சாப்பாடு எல்லாம் அவங்க பொறுப்பு. நோட்டீசு, ஆட்டோ மைக்கு, பந்தல், வந்தவங்களுக்கு டீ, மதியச் சோறு எல்லாம் நம்ம பொறுப்பு. நானே கேட்டு சீல் வாங்கிட்டேன், பட்டதுதான் புத்தி. அவர் குடுத்த தேதிதான் சிக்கல், பங்குனி உத்திரத்துக்கு மொத நாளு! "அண்ணாச்சி, அன்னைக்கு ஊர்ல காக்கா கூட இருக்காது, எல்லாரும் சாஸ்தா கோயிலுக்குப் போயிருவாவ"ன்னதும் அவரே சிரிச்சுட்டு மாத்திட்டாரு. தேதி வைக்கும்போது ஊர்க் கொடை, அறுப்பு, ஆடி அமாவாசைக்கு காரையாறு கோயிலுக்குப் போறது, நூறு நாள் வேலை, பீடிக் கடை சம்பள நாள் இதையெல்லாம் நீங்கதான் சொல்லணும், அவங்க காலண்டர்ல இது எதுவும் இருக்காது.

எடத்துக்கு ஸ்கூலத்தான் கேட்டோம், அங்கதான் மாட்டுனோம். டீச்சரம்மா தங்கமானவங்க, ஞாயித்துக்கெழம தாராளமா நடத்துங்க, ஆனா மேல ஆபீஸ்ல ஒரு அனுமதி வாங்கிருங்கன்னாங்க. அந்த ஆபீஸ்ல கிளார்க் மனுவ வாங்கிப் பாத்துட்டு, "முகாமுக்கு சுகாதாரத்துறை அனுமதி எங்கம்மா? நாளைக்கு ஒரு கெழவிக்கு கேம்ப்ல ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?"ன்னாரு. நியாயமான கேள்விதான், நானும் கேக்குறேன். கண் முகாமுக்கு மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கத்துல அனுமதி வாங்கணும், அத ஆஸ்பத்திரியே போட்டு வாங்கிரும்னு கேம்ப் அண்ணாச்சி சொல்லியிருந்தாரு. அவருக்கு போன் போட்டா, "எடம் உறுதியாகி கடிதம் வந்தாத்தாம்மா நாங்க மனு போட முடியும்"ங்காரு. அதாவது எடத்துக்கு அனுமதி வேணும்னா முகாமுக்கு அனுமதி வேணும், முகாமுக்கு அனுமதி வேணும்னா எடம் வேணும். திரும்பவும் கிளார்க்குகிட்ட வந்தா சீட்டுல ஆள் இல்ல, மீட்டிங்காம். இன்னொரு நாள் ஆள் இருக்காரு, மனு இல்ல. "எப்பம்மா குடுத்தீங்க?"ன்னு எங்கிட்டயே கேக்காரு. முக்கூடல் பஸ்ச விட்டுட்டு வெயில்ல நின்ன அன்னைக்கு, கேம்ப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு தோணிருச்சு.

இந்த முடிச்ச அவுத்தது எங்க கிராம நர்சம்மாதான். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர்கிட்ட என்னைய நேரா கூட்டிட்டுப் போயி நிறுத்துனாங்க. அவர் பெருசா ஒண்ணும் பண்ணல, நாலு வரி எழுதுனாரு: இந்த ஊர்ல, இந்த ஸ்கூல்ல, உத்தேசமா இந்தத் தேதியில கண் முகாம் நடத்துறதுல ஆட்சேபணை இல்ல, அன்னைக்கு எங்க நர்ஸும் இருப்பாங்க. அந்த "உத்தேசமா"தான் சாவி. அதோட காப்பிய கிளார்க்குக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு ஒரே நாள்ல குடுத்தேன், ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு காத்திருக்காம நகந்துச்சு. இந்தத் தடவ மனு குடுத்த கையோட என் நகல்ல சீலும் தேதியும் போட வச்சுத்தான் எந்திரிச்சேன். அவர் மொறச்சாரு. மொறச்சா மொறச்சுட்டுப் போறாரு.

ஆள் சேக்குறதுக்கு ஆட்டோ மைக்குல ரெண்டு தெரு சுத்துனோம், அதுக்கு ஆன காசு தண்டம்னுதான் சொல்லுவேன். ஏற்கனவே ஒரு தடவ ஏமாந்த ஊரு, மைக்க யாரு நம்புவா? நம்புனது ரெண்டு பேர. ஒண்ணு, மக்களைத் தேடி மருத்துவம் அக்கா. 2021ல இருந்து இந்தத் திட்டத்துல சுகருக்கும் பிரஷருக்கும் வீட்டுலயே மாத்திரை குடுக்காங்கல்லா, எங்க ஊர் அக்காவும் எங்கள மாதிரி குழுக்காரிதான், எந்த வீட்டுல யாருக்கு சுகரு, யாரு மாத்திரைய அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சிருக்கா எல்லாம் அவங்க நோட்டுல இருக்கு. இன்னொண்ணு பீடிக் கடை. கடைக்கார அண்ணாச்சிகிட்ட கேட்டு, பீடி குடுக்க வர நேரத்துல அங்கேயே ஒரு பெஞ்சு போட்டு பேரு எழுதுனோம். செக்கரே, "ஏளா, கண்ணப் போயி காட்டுங்க, நானும் கழிச்சுக் கழிச்சு பாவம் தேடிக்கிறேன்"னாரு. அந்த ஒரு சொல்லுக்கு வந்த கூட்டம் மைக்குக்கு வரல.

கேம்ப் அன்னைக்கு காலையில கரண்ட் போச்சு. மைக் செட் அண்ணாச்சி ஜெனரேட்டர் குடுத்து காப்பாத்துனாரு, நீங்க மொதல்லயே சொல்லி வச்சுருங்க. ஆதார் காப்பி இல்லாம பாதிப் பேரு வந்துட்டாவ, ஜெராக்ஸ் கடை ஊர்ல கெடையாது, பசங்க பைக்குல முக்கூடலுக்கும் ஸ்கூலுக்கும் பறந்துட்டு இருந்தானுக. ஆதாரு, ரேஷன் கார்டு காப்பி, வீட்டு ஆள் போன் நம்பரு, சாப்பிடுற மாத்திரை அட்டை இத எல்லாத்தையும் முந்துன நாளே ஒரு கவர்ல போட்டு வாங்கிருங்க. மாத்திரை அட்டை ரொம்ப முக்கியம், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்கள டாக்டர் தனியா கேக்காங்க, "வெள்ள மாத்திர, சின்னதா இருக்கும்"ன்னா அவங்க என்ன பண்ணுவாங்க.

புரைன்னு தேந்தெடுத்த பொறவுதான் நெஜ சண்டை. அன்னைக்கே பஸ் ஏறணும். ஒரு பெரியம்ம பஸ் படிக்கட்டு வரைக்கும் வந்துட்டு "ஆட்ட யாரு பாப்பா?"ன்னு எறங்கிட்டா. இன்னொருத்தருக்கு மாப்பிள வீட்டுல சொல்லாம வரக் கூடாதாம். இதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்களால தீக்க முடியாது, பக்கத்து வீட்டுக்காரி "ஆட்ட நான் கட்டிக்கிடுதேன், நீ போ"ன்னாத்தான் பஸ்சு கெளம்பும். குழுவுல ரெண்டு பேரு தொணைக்கு ஏறுனோம், அதனாலயே இன்னும் நாலஞ்சு பேரு ஏறுனாவ.

சுகர் ஏறி இருந்தவங்கள, பல்லுல சீழ், காதுல சீழ் இருந்தவங்கள எல்லாம் திருப்பி விட்டுட்டாங்க. சீழ் இருந்தா ஆபரேஷன் பண்ணுன கண்ணுல கிருமி எறங்கிரும்னு பயம். திரும்பி வந்தவங்களுக்கு மூஞ்சி செத்துப் போச்சு, "ஏழைன்னுதான் தள்ளி விட்டுட்டாவ"ன்னு ஒரு பேச்சு கெளம்பிருச்சு. இத எதிர்பாத்து மொதல்லயே சொல்லி வையுங்க. அந்தப் பேர எல்லாம் மாத்திரை அக்காகிட்ட குடுத்து, டாக்டரப் பாத்து மாத்திரைய மாத்தி, சுகர் எறங்குன ஒடனே அடுத்த பேட்சுல அனுப்புனோம், ஒருத்தர் ரெண்டு பேரத் தவிர எல்லாருக்கும் ஆயிருச்சு.

சொட்டு மருந்துக்கு தெருவுக்கு ஒரு ஆள் போட்டிருந்தோம். வாரா வாரம் எத்தன தடவ ஊத்தணும்கிறது கொறஞ்சுட்டே வரும், கெழவிகளுக்கு அது பிடிபடல. தலைக்கு ஊத்தக் கூடாது, அடுப்புப் புகையில நிக்கக் கூடாதுன்னா எங்க கேக்காவ. ஒரு ஆச்சி மூணாம் நாளே அடுப்பு ஊதிட்டு இருந்தா, அவ மருமக மேல கோவப்படவா, ஆச்சி மேல கோவப்படவான்னு தெரியல. நல்லவேள ஒண்ணும் ஆகல.

வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்குனவங்கதான் ரொம்ப சந்தோஷப்பட்டவங்க, எங்கம்ம உள்பட. அவளுக்கு கழிச்சுப் போடுறது கொறஞ்சிருக்கு, அதுக்காக ராத்திரியிலயும் ஒக்காந்து சுத்துதா, அது வேற வெவகாரம்.

இப்ப சுகர் உள்ளவங்களுக்கு மட்டும் விழித்திரை படம் எடுக்குற கேம்ப் கேட்டிருக்கோம். பார்வை நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சாலும் சுகர்காரங்க வருஷத்துக்கு ஒரு தடவ பாக்கணும்னு டாக்டரே சொன்னாங்க, அக்கா நோட்டுல பேரும் ரெடி, ஆஸ்பத்திரியும் சரின்னுட்டாங்க. ஸ்கூல் அனுமதிக்கு மறுபடி அதே ஆபீஸ். அந்த சீட்டுக்கு புது ஆள் வந்திருக்காராம். சீல் போட்ட பழைய காப்பி எல்லாத்தையும் ஃபைல்ல போட்டு வச்சிருக்கேன், திங்கக்கெழம போணும்.